யூபிஹீபி சிகரம்: ஏற்றத்தை விட ரோடுதான் பாடு

கலிஃபோர்னியா டெத் வேலி தேசியப் பூங்காவில் உள்ள இந்தச் சிகரத்தின் உயரம் 1,731 மீட்டர். அடிவாரமே உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது சுமார் 600 மீட்டர்தான். நடந்து பழகியவருக்கு அரை நாள் வேலை. ஆளைப் படுத்துவது அங்கே போய்ச் சேர்க்கும் 43 கி.மீ. ரேஸ்ட்ராக் ரோடு.

யூபிஹீபி எரிமலை வாயோடு தார் முடிந்துவிடும். அப்புறம் முழுக்க வரிவரியாக மேடுபள்ளம், இடையிடையே விளிம்பு கூரான கற்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வேகமாக ஓட்டினால் குலுக்கல் குறைவது உண்மைதான். ஆனால் கல்லைப் பார்த்து ஒதுங்க நேரம் இருக்காது.

டயரில் காற்றை இறக்குவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வழக்கமாக 40 பிஎஸ்ஐ வைக்கும் வண்டிக்கு 30 போதும். மணலில் செய்வதுபோல 20க்கு இறக்கினால் டயர் பக்கவாட்டில் பிதுங்கி, கல் நேராக சைடுவாலை, அதாவது டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். மிதிபரப்பில் ஓட்டை விழுந்தால் பிளக் அடித்து ஓட்டிவிடலாம். சைடுவால் கிழிந்தால் ஸ்டெப்னிதான் கதி. அதுவும் முழு அளவு டயராக இருக்க வேண்டும். ஒல்லி ஸ்டெப்னியை நம்பி இந்த ரோட்டில் இறங்காதீர்கள். புறப்படும் முன் அதிலும் காற்றைப் பாருங்கள், மாதக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சரளையில் ஜாக்கி புதையும், அடியில் வைக்க ஒரு கனமான பலகைத் துண்டு வேண்டும். வீல் நட்டுகளை வண்டியைத் தூக்கும் முன்பே தளர்த்திவிடுங்கள். போன் சிக்னல் கிடையாது.

32வது கி.மீ.யில் கெண்டிகள் தொங்கும் டீகெட்டில் ஜங்ஷன். அங்கே வலப்பக்கம் போக வேண்டும். பழைய வரைபடங்களில் தெரியும் சுரங்கப் பாதைகளில் சில, 1994 கலிஃபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வண்டிகளுக்கு மூடப்பட்டவை. சில, வெள்ளம் அரித்துக்கொண்டு போனவை. போனில் உள்ள மேப் இரண்டையும் ரோடு என்றே காட்டும். திசைகாட்டி வைத்திருப்பவர்கள் வரைபட ஓரத்தில் அச்சிட்ட காந்த விலக்கத்தை (உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) அப்படியே எடுக்கக் கூடாது. 1980களில் அச்சானதற்கும் இன்றைக்கும் சுமார் 3 டிகிரி வித்தியாசம், 5 கி.மீ. நடந்தால் சுமார் 260 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள்.

வறண்ட ஏரிப்படுகையில் நிற்கும் கிராண்ட்ஸ்டாண்ட் பாறைக்கு எதிரே உள்ள பார்க்கிங்கில் வண்டியை விட்டு, மேற்கே பழைய சுரங்கத் தடத்தில் ஏறுங்கள். கணவாய் வரை தடம் தெளிவு. அங்கிருந்து தெற்கே முகட்டோடு போக வேண்டும். தடம் மங்கும், உச்சிக்கு அருகே கையூன்றி ஏறும் பாறைகள். ஏற்றத்துக்கு ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், வண்டியில் தனியாக 20 லிட்டர். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம்.

மழை பெய்திருந்தால் பார்க்கிங்குக்கு எதிரே உள்ள அந்த ஏரிப்படுகையில் கால் வைக்காதீர்கள். ஈரத்தில் பதியும் சுவடு வருஷக்கணக்கில் அழியாது.