கேட்டி டெய்லரின் ஊரில்

டப்ளினிலிருந்து டார்ட் ரயிலில் தெற்கே முக்கால் மணி நேரம் போனால் பிரே. இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கில்லைனி விரிகுடாவை ஒட்டி ரயில் வளைந்து போகும். பிரேவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையைப் பார்ப்பார்கள், சிலுவை நிற்கும் பிரே ஹெட் குன்றில் ஏறுவார்கள். நான் தேடிப்போனது துறைமுகத்தில் இருக்கும் குத்துச்சண்டை கிளப்பை. அயர்லாந்தின் குத்துச்சண்டை வீராங்கனை கேட்டி டெய்லர் பயிற்சி எடுத்த இடம்.

டார்கிள் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. கட்டி வைத்த படகுகள், கரையோரம் அன்னப்பறவைகள். கிளப் முன்பு படகுக் கொட்டகையாக இருந்ததாம். பல வருடங்கள் கழிப்பறைகூட இல்லாமல், அவசரத்துக்குப் பக்கத்து பப்புக்குத்தான் ஓடியிருக்கிறார்கள். அந்த நிலையில் பயிற்சி எடுத்தே உலகப் பட்டம் வாங்கிக் குவித்திருக்கிறார் கேட்டி. பயிற்சியாளர் அப்பா பீட். அம்மா பிரிட்ஜெட்டும் இதே விளையாட்டில் நடுவர். கேட்டி, சிறுமியாக இருந்தபோது தலைக்கவசத்துக்குள் முடியை ஒளித்துக்கொண்டு பையன்களோடு மோதியவர். நடுவில் அயர்லாந்து கால்பந்து அணிக்கும் ஆடியிருக்கிறார், அதை எப்படிச் சமாளித்தாரோ!

முதல் உலகப் பட்டம் 2006இல், நம் டெல்லியில். அதே போட்டியில் மேரி கோமும் தன் எடைப்பிரிவில் தங்கம் வாங்கினார். அப்புறம் 2008, 2010, 2012 என்று 60 கிலோவில் கேட்டியை அசைக்க ஆளில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையே கிடையாது. 2009இல்தான் அனுமதி வந்தது. நான்கு முறை உலக சாம்பியனான பிறகே அவரால் ஒலிம்பிக் மேடை ஏற முடிந்தது. எனக்கு இது இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது.

2012 லண்டனில் அயர்லாந்தின் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. காலிறுதியில் பிரிட்டனின் நடாஷா ஜோனஸை 26-15 என்று வென்றார். இறுதியில் ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவா. அப்போது நடுவர்கள் பொத்தானை அழுத்தித்தான் புள்ளி தருவார்கள், பதிவாகாத குத்துக்கு மதிப்பில்லை. ஒச்சிகாவா வலிய வந்து அடிக்காமல், எதிராளி வரட்டும் என்று காத்திருந்து அடிப்பவர். முதல் சுற்று 2-2. இரண்டாவது முடிந்தபோது கேட்டி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். மூன்றாவதில் 7-5 என்று முன்னேறி, கடைசியில் 10-8. முழு ஆட்டத்துக்கும் கேட்டி எடுத்தது பத்தே புள்ளிகள்! பார்சிலோனாவில் மைக்கேல் கரூத் வென்ற பிறகு இருபது வருடம் கழித்து அயர்லாந்துக்குக் குத்துச்சண்டைத் தங்கம்.

2014இல் ஐந்தாவது உலகப் பட்டமும் வந்தது. ரியோ 2016 கைகொடுக்கவில்லை. அப்பாவின் பயிற்சி இல்லாமல் போன அந்த ஒலிம்பிக்கில், காலிறுதியிலேயே பின்லாந்தின் மீரா போட்கோனனிடம் தோற்றார். அந்த வருடக் கடைசியில் தொழில்முறைக்கு மாறிவிட்டார். அங்கே வந்த பணமும் புகழும் பெரிது, சரி. என் கணக்கில் அந்த அமெச்சூர் வருடங்கள்தான் உசத்தி.

டப்ளின் திரும்பியதும் சவுத் சர்குலர் ரோட்டில் இருக்கும் நேஷனல் ஸ்டேடியத்தையும் பார்த்தேன். குத்துச்சண்டைக்கென்றே கட்டி 1939இல் திறந்த அரங்கம். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர்ப் பழைய கல்யாண மண்டபம் மாதிரிதான். அயர்லாந்தில் பெண்களுக்கான முதல் அதிகாரப்பூர்வ குத்துச்சண்டை 2001 அக்டோபர் 31 அன்று இங்கேதான் நடந்தது. வென்ற கேட்டிக்கு அப்போது வயது 15. செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவிலிருந்து அரை மணிக்குள் நடந்தே போய்விடலாம்.