பஞ்சரா, புது டயரா?

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியதும் "டயரையே மாற்றிவிடுங்கள் சார்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே பணப்பையைத் திறக்காதீர்கள். ஓட்டை எங்கே என்று முதலில் பாருங்கள். சாலையைத் தொடும் பட்டன் பகுதியில், 6 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டினாலே போதும். வெளியிலிருந்து செருகி அடைப்பதைவிட, டயரைக் கழற்றி உள்ளே ஒட்டுப் போடுவதில்தான் எனக்கு நம்பிக்கை; கழற்றினால்தானே உட்புறச் சேதம் தெரியும்?

பக்கவாட்டில் கிழிந்திருந்தால் பேரமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வண்டி ஓடும்போது வளைந்து நிமிர்கிற இடம் அது, ஒட்டு நிற்காது. காற்றே இல்லாமல் வீடுவரை உருட்டிவந்த வீரர்களின் டயருக்கும் அநேகமாக அதே கதிதான். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டதென்றால் ஒட்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

ஸ்டெப்னி எவ்வளவு பழையது என்று தெரிய, அதில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.