உருகும் நாளில் வரும் அழைப்பு

ரொறன்ரோவில் குழாய் வேலை செய்பவனுக்குக் கடுங்குளிர் நாளைவிட, அதற்குப் பின் வெயில் எறிக்கும் நாளில்தான் அழைப்புகள் அதிகம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. குழாயை அடைத்த பனிக்கட்டிக்கும் மூடிய குழாய் வாய்க்கும் இடையில் சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறினால் செப்புக் குழாயும் பிளந்துவிடும். கட்டியே அடைப்பாக நிற்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. உருகத் தொடங்கியதும் வெள்ளம்.

2015 பெப்ரவரியில், தெருவுக்கடியில் புதைத்த குழாய்களே உறைந்த அந்த மாதத்தில், ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். நிலவறையில் குடியிருந்தவர்கள் போய்விட்டதால், எரிவாயுச் செலவுக்குப் பயந்து அங்கே சூடான காற்று வரும் துவாரங்களை மூடிவைத்திருந்தார்கள். கீழ்ச் சமையலறையின் தொட்டியோ வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தது.

"சுவருக்குள் குளிர் தடுக்கும் பஞ்செல்லாம் வைத்துத்தானே கட்டினார்கள், தம்பி?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

சுவரைப் பிளந்து பார்த்தேன். பஞ்சு இருந்தது, குழாய்க்கும் அறைக்கும் நடுவில்! குளிர் வரும் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டியது அது. பஞ்சு தானாகச் சூடு தராது. இங்கே அறையின் சூட்டையும் குழாய்க்கு எட்டாமல் மறித்துவிட்டது. கட்டியவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதைவிட மனதைப் பிசைந்தது வேறு. நான் போய்ச் சேரும்வரை முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியிருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் பிரதான வால்வு எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். ஊரிலிருந்து கொண்டுவந்த படங்கள் ஆல்பத்தோடு நனைந்து ஒட்டிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார்.

குளிர் தொடங்குமுன் தோட்டத்து ரப்பர் குழாயைக் கழற்றி, உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிடச் சொல்வேன். கடுங்குளிர் இரவில் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, தண்ணீரை நூல்போல ஒழுகவிடலாம். உறைந்துவிட்டால் குழாய் வாயைத் திறந்துவிட்டு, அந்த முனையிலிருந்து தலைமுடி உலர்த்தியால் சூடாக்க வேண்டும். நெருப்பைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

இப்போது எந்த வேலைக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரரைப் பிரதான வால்வுக்கு அழைத்துப்போய், அவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் செய்கிறேன். அந்த அம்மாவின் வீட்டு வால்வில் நான் கட்டிய சிவப்புத் துணி இன்னும் இருக்கிறது. அரிசி மூட்டைகள் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டன.