பத்து நிமிடம் கேட்ட பெரம்பூர்

ஏப்ரல் 9

சென்னை பெரம்பூரின் பின்னி மில் என்றால் இன்றைக்குப் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமாச் சண்டைக் காட்சிதான். 1996இல் ஆலை மூடிய பிறகு அந்தக் கொட்டகைகள் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கீழே இருக்கும் மண்ணின் கதை தெரிய வாய்ப்பில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் கொஞ்சமாக எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 11

பக்கிங்ஹாம் மில் 1876இல் தொடங்கியது. கர்நாடிக் மில் அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. இரண்டும் பின்னி கம்பெனி நிர்வாகத்தில் இருந்தன, 1920இல் ஒன்றாக இணைந்தன. ராணுவத்துக்கான காக்கித் துணி இங்கேதான் நெய்யப்பட்டது. பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம், சூளை என்று வடசென்னையின் இந்தப் பக்கம் முழுவதும் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டுத்தான் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது.

ஏப்ரல் 14

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1918இல் தொழிலாளர்களின் பெரிய மனக்குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம். அரை மணிதான் கிடைக்கும். அதற்குள் தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, கூட்டத்தில் இடம் பிடித்துச் சாப்பிட்டு, திரும்ப உள்ளே ஓட வேண்டும். தாமதமானால் வாசல் கதவு மூடியிருக்கும், சம்பளம் போகும்.

அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் வந்து இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டிருக்கிறார்கள். அவரும் இராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வாடியா ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் சொல்வாராம். சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடமானது. கூடுதலாகக் கிடைத்தது பத்தே நிமிடம். ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று ஒரு ஊருக்கே தெரிந்துபோனது!

ஏப்ரல் 15

இன்று எழுத நேரமில்லை. நாளை 1921. அதை அவசரமாக எழுதக் கூடாது.

ஏப்ரல் 16

சங்க வரலாற்றைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலரும் இந்த ஆண்டை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கர்நாடிக் மில்லில் ஆரம்பித்த தகராறு கதவடைப்பானது. ஜூனில் பக்கிங்ஹாம் மில் தொழிலாளர்களும் ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். பல மாத வேலைநிறுத்தத்தைத் தாங்க அவர்களிடம் சேமிப்பு இல்லை. சாதி இந்துக்களின் தலைமையில் இருந்த சங்கம் தங்களுக்கானது என்று நம்பவும் காரணம் குறைவு. அப்புறம் புளியந்தோப்பில் கலவரம், குடிசைகளுக்குத் தீ, போலீஸ் துப்பாக்கிச் சூடு.

வேலைக்குப் போனவர்களைக் கருங்காலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம். ஒரே மில்லில் வேலை செய்தாலும், சங்கு ஓய்ந்ததும் அவரவர் சேரிக்கும் தெருவுக்கும்தான் திரும்பினார்கள். அந்தப் பிரிவினையைச் சங்கத்தால் உடைக்க முடியவில்லை. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா, வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் சாய்ந்த நீதிக்கட்சியை விட்டு 1923இல் விலகியதற்கும் இந்தக் கசப்பில் பங்கு உண்டு.

ஏப்ரல் 20

விட்டுப்போன ஒன்று. 1920 இறுதியில் நடந்த தகராறில் கம்பெனி வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. தொழிலாளர்களைத் திரட்டினாலே நஷ்டஈடு கேட்கலாம் என்ற நிலை நாட்டையே உலுக்கியது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் விடாமல் வாதாடினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் மீது இப்படிப்பட்ட வழக்குப் போடுவதைத் தடுத்தது அதன் 18ஆம் பிரிவு. பெரம்பூரில் ஒருவர் இழந்த வழக்கு, இந்தியா முழுவதும் இருந்த ஆலைத் தொழிலாளர்களுக்குக் காப்பாக மாறியது.