தீர்ப்பு ஒத்திவைத்த பிறகு

ஜூலை 9, டெல்லி

மலிவான மாற்று மாத்திரைக்காக நான் வாதாடும் காப்புரிமை வழக்கில் வாதம் முடிந்தது. தீர்ப்பு ஒத்திவைப்பு. 26 வருடமாகிறது, இன்னும் கோர்ட் அறையை விட்டு வந்ததும் கால் நடுங்குகிறது.

ஜூலை 10

தூக்கமில்லை. 214ஆம் பக்கம். மஞ்சள் சீட்டு ஒட்டித்தான் வைத்திருந்தேன்.

நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: மருந்தின் மூலக்கூறு எதிர்த்தரப்பின் முதலாவது காப்புரிமையின் எல்லைக்குள் அடங்குகிறது, சரி, அதில் வெளிப்படுத்தப்பட்டிருக்கிறதா? இருந்தால் அது புதிதல்ல, அவர்களின் அடுத்த காப்புரிமை நிற்காது. நான் உடனே கிளீவெக் என்ற புற்றுநோய் மருந்து பற்றிய 2013 தீர்ப்புக்கு ஓடினேன். அடங்குவதையும் வெளிப்படுத்துவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை என்று பத்து நிமிடம் படித்துக் காட்டினேன். ஆனால் எதிர்த்தரப்பே, காப்புரிமையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று காப்புரிமை அலுவலகத்துக்குத் தரும் படிவம் 27-இல், இதே மாத்திரையை அந்த முதல் காப்புரிமையின் கீழ் விற்பதாக வருடா வருடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் கையெழுத்தோடு. அந்த 214ஆம் பக்கத்தைத் திருப்பவே இல்லை நான்.

ஜூலை 11

படிவம் 27 எழுத்து வாதத்தில் இருக்கிறது. அடிக்குறிப்பில் ஒரு வரி.

ஜூலை 14

அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல். கரோல் பாக் வீட்டில் மூன்று நாளாக ஏ.சி. போடவில்லை, குளிர்கிறதாம்.

மாத்திரைப் பட்டையின் வெள்ளிக் காகிதத்தை நகத்தால் கீறி, மாத்திரை துள்ளி விழாமல் இன்னொரு கையைக் குவித்துக்கொள்கிறார். "இது ஒண்ணு என்ன விலைம்மா?" என்றார். "சாப்பிடுங்கப்பா" என்றேன்.

2008-இல் எர்லோடினிப் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில், நோயாளிகளுக்கு மலிவான மருந்து கிடைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்து மாற்று மருந்துக்கு இடைக்காலத் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அசல் மாத்திரை 4,800 ரூபாய், மாற்று 1,600. அந்த எண்களை எத்தனை மனுவில் எழுதியிருப்பேன். குவித்த கையை நினைத்து ஒருமுறைகூட எழுதியதில்லை.

ஜூலை 16

"மேடம், 214-ஐ மட்டும் காட்டி ஒரு மனு போட்டுவிடலாமா?" என்று ஜூனியர் கேட்டாள். ஒத்திவைத்த பிறகு கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் நானே வரைவு எழுதினேன். பிறகு அழித்தேன்.

ஜூலை 17

காய்ச்சல் 101.

ஜூலை 19

மறுபடி வரைவு. மறுபடி அழித்தேன். தடை விழுந்தால் மலிவான மாத்திரை குடோனிலேயே கிடக்கும். அப்பா சாப்பிடுவது வேறு மருந்து என்று தெரியும். தெரிந்தும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஜூலை 21

நாளைய தீர்ப்புப் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் வழக்கும் இருக்கிறது. ஜூனியர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். அப்பாவுக்கு வேர்த்து ஜுரம் இறங்குகிறது, சட்டையை மாற்றிவிட்டுப் பேசுகிறேன்.