மரப்பட்டை நாட்கள்

மார்ச் 3
தறியிலிருந்து இறக்கிய துணி தட்டையாகக் கிடக்கிறது. இதற்கா இத்தனை பாடு என்று யாரும் கேட்பார்கள். நீளவாட்டுப் பாவும் குறுக்குவாட்டு ஊடையும் இழுபட்டு நிற்கும்வரை முறுக்கேறிய நூல் தன் குணத்தைக் காட்டாது. வெந்நீரில் போட வேண்டும். இன்றிரவு வேண்டாம், கை ஓய்ந்துவிட்டது.

மார்ச் 4
போட்டேன். சுருங்கியது. ஆனால் நான் தேடும் மரப்பட்டை வரி இல்லை. புல்லரித்த தோல் மாதிரி பொடிப்பொடியாக எழுந்திருக்கிறது. ஊடையில் எஸ் முறுக்கு நூல் இரண்டு, அதற்கு எதிர்த்திசையில் திரித்த இசட் முறுக்கு நூல் இரண்டு என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததன் பலன். கிரேப் டி சீன் என்கிற மெல்லிய சுருக்கப் பட்டின் கணக்கும் இதுதான். இரண்டும் எதிரெதிராகத் திருகுவதால் மடிப்பு எதுவும் நீளமாக ஓட முடிவதில்லை. அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டாம்.

மார்ச் 5
போன் வரவில்லை.

மார்ச் 7
வாசல் மரத்தை அரைமணி நேரம் தடவிக்கொண்டு நின்றேன். உள்ளே மரம் பருத்துக்கொண்டே போகிறது. வெளிப்பட்டை செத்த திசு, நீள முடியாமல் பிளக்கிறது. அதனால்தான் பள்ளங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. துணியில் நடப்பது நேர் எதிர். ஊடை நனைந்து குறுகுகிறது, பாவுக்கு இடம் போதாமல் மேலே எழும்புகிறது. ஒன்று விரிந்து கிழிகிறது, மற்றது நெருங்கிப் புடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே வரி. அப்படியானால் நான் மரத்தைக் காப்பியடிக்கவில்லை, வேறு வழியில் அதே இடத்துக்குப் போகிறேன். இந்த எண்ணம் வந்ததிலிருந்து கொஞ்சம் பசிக்கிறது.

அக்கா கேட்டாள்: "என்னடி, இன்னும் மரத்தையே தடவிக்கிட்டு இருக்கியா?" அவள் சிரித்துப் பல நாளாயிற்று.

மார்ச் 8
சத்தம் தாங்கவில்லை என்கிறாள் அக்கா. கதவைச் சாத்தினாலும் கேட்கிறதாம்.

மார்ச் 10
ஊடை முழுக்க எஸ் முறுக்கு. வேறெதுவும் இல்லை. நெருக்கம் குறைவாக, நூல் திரும்ப இடம் விட்டு. வெந்நீரில் இறங்கிய சில நொடிகளில் துணி தானாகவே இழுத்துக்கொண்டது! அறுபது சென்டிமீட்டர் அகலம் முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது. நீள நீளமாகப் பள்ளங்கள், சில பாதியில் கிளை பிரிகின்றன. அந்தக் கிளையை நான் திட்டமிடவில்லை. இஸ்திரி போட்டால் படியும், மறுபடி நனைத்தால் திரும்ப வரும்.

போன் வரவில்லை.

மார்ச் 11
நிறம். கடுக்காய்ச் சாற்றில் ஊறிய துணி துருத் தண்ணீரில் பட்டதும் சாம்பலாகி, பிறகு கறுக்கும். மரத்தின் நிறம் அப்படியே. ஆனால் இரும்பு அதிகமானால் நாளடைவில் இழையைத் தின்றுவிடும். கறுப்புச் சாயமிட்ட பழைய பட்டுகள் பல, இரும்பினாலேயே உதிர்ந்து போயிருக்கின்றன. இப்போது பார்க்க நன்றாக இருந்து என்ன பயன், எத்தனை வருஷம் நிற்க வேண்டும் இது? எத்தனை வருஷம் வேண்டும் என்று யாரிடம் கேட்பது? சரி, துருவை மிகக் குறைவாக விட்டு, சாம்பலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 12
நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1930-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் டிப்ளோமா வாங்கியது ஒரு அரங்கத்துக்கான சுவர்த்துணிக்காக. முன்பக்கம் செல்லோஃபேன், ஒளியைத் திருப்பும். பின்பக்கம் ஷெனில் என்கிற பஞ்சுபோன்ற நூல், ஒலியை விழுங்கும். அழகு எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. என் துணிக்கும் பின்னால் தடித்த கம்பளி வைத்துத் தைக்கலாம். மெல்லிய துணி மட்டும் சத்தத்தை அதிகம் தடுக்காது. சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

மார்ச் 13
அழுதேன். நெய்யவில்லை.

மார்ச் 14
போன் வந்தது. பத்து மணிக்கு இருவரையும் வரச் சொல்கிறார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. மாதிரித் துணி பையில் இருக்கிறது, காத்திருக்கும்போது அக்கா விரலால் ஓட்டிப் பார்க்கட்டும். எஸ் முறுக்கு நூல் தீரப்போகிறது. அவள் அறைச் சுவர் முழுக்கப் போட இன்னும் குறைந்தது