கட்டி செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரை

மூளைக் கட்டி என்றாலே பேச்சு மரபணு, புரதம் என்றுதான் போகிறது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த மூலக்கூறுகளான கிளைக்கோலிப்பிடுகளை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பது என் ஆதங்கம். கொழுப்பு வால் செல் சவ்வுக்குள் புதைந்திருக்க, சர்க்கரைத் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் செல்லை வெளியிலிருந்தே அடையாளம் பார்த்துவிடலாம்.

இதில் ஜிடி2 என்று ஒன்று. கரு வளரும்போது நிறைய இருக்கும், அப்புறம் வெகுவாகக் குறைந்து நரம்புகள் போன்ற சில இடங்களில் மட்டும் மிஞ்சும். குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி கட்டி, நல்ல திசுவோடு பின்னிப் பரவுவதால் வெட்டி எடுக்கவே முடியாது. நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரனை 1962இல் பறித்ததும் இதுதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் மிஷெல் மோன்ஜே, கிரிஸ்டல் மேக்கல் குழுவினர், எச்3கே27எம் என்ற மரபணு மாற்றம் உள்ள இந்தக் கட்டி செல்களில் ஜிடி2 மிக அதிகம் என்று 2018இல் காட்டினார்கள்.

சரி, அடையாளம் கிடைத்தது. நோயாளியின் டி செல்களையே (நோய் எதிர்ப்பு செல்கள்) எடுத்து, ஜிடி2ஐத் தேடிப்போய்த் தாக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றினார்கள். தாக்குதலில் கட்டி வீங்கும், மூளைத்தண்டில் வீங்க இடமில்லை, மூளைத் திரவம் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து; எலிகளில் சோதித்தபோது சில அப்படியே இறந்தன. அதனால்தான் தீவிரக் கண்காணிப்பு. 2024இல் வெளியான முடிவில் 11 பேரில் நான்கு பேருக்குக் கட்டி பாதிக்கும் மேல் சுருங்கியது, அவர்களில் ஒருவருக்கு முழுதாகவே மறைந்தது. இந்த நோயில் இப்படி நடப்பது மிகப் பெரிய விஷயம்.